பழக்கிய சட்டி கிடைக்கும்

தாமரைச்செல்விக்கு இடது காது கேட்காது. வலதும் அரைக் காதுதான். பிறவிக் கோளாறு இல்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் அவள் புருஷன் அருள்பாண்டி விட்ட அறையில் போனது. குழம்பில் உப்புக் கம்மி என்பது குற்றச்சாட்டு. நான் வக்கீல் குமாஸ்தா. தல்லாகுளத்தில் உட்கார்ந்து எத்தனையோ குற்றச்சாட்டுகளை டைப் அடித்திருக்கிறேன். உப்புக்காக ஒரு காதைப் பறிமுதல் செய்த தீர்ப்பை அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

அவனியாபுரத்தில் ஏர்போர்ட் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தெரு. அவர்கள் வீடும் என் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டு நிற்கின்றன. என் மொட்டை மாடியில் நின்றால் அவர்கள் கொல்லை முழுவதும் தெரியும். ஒரு பக்கம் தாமரையின் சூளை, கரண்டில் ஓடும் சக்கரம், மண் மிதிக்கும் குழி. இன்னொரு பக்கம் வேப்பமரத்தடியில் அருள்பாண்டியின் ஜல்லிக்கட்டுக் காளை. அதற்குப் பட்டாளம் என்று பெயர். அருள்பாண்டி ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும், செய்தான் என்று சொல்ல முடியாது. சம்பளம் பருத்திக்கொட்டைக்கும் தவிட்டுக்கும் போகும். மிச்சம் கூட்டாளிகளோடு போகும். வீட்டில் உலை கொதித்தது தாமரையின் சட்டியால்.

அவள் சோழவந்தான் பக்கம் மண்பாண்டம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். இவனும் அதே தொழில் குடும்பம்தான். சின்ன வயதில் அப்பனோடு உட்கார்ந்து சட்டிக்கு அடி தட்டியவன். வளர்ந்த பிறகு கையில் மண் ஒட்டுவது கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது. பெண்டாட்டி மண்ணைத் தொட்டால் மட்டும் குறைச்சல் இல்லை போலிருக்கிறது.

ஏர்போர்ட் ரோட்டோரத்தில் புளியமரத்தடியில் தாமரை கடை போடுவாள். ஒரு தகரத்தில் அவளே பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தாள்: பழக்கிய சட்டி கிடைக்கும். அதுதான் அவள் வியாபாரத்தின் சூட்சுமம். புதுச் சட்டியை வாங்கிப் போய் நேரே அடுப்பில் ஏற்றினால் ஒழுகும், இல்லாவிட்டால் கீறல் விடும். அதைப் பழக்க வேண்டும். கழனித்தண்ணியில் ஊறப்போட்டு, அதிலேயே கஞ்சி காய்ச்சி இறக்கி, எண்ணெய் தடவிக் காயவைத்து, மறுபடி சின்னத் தீயில் காட்டி எடுக்க வேண்டும். அப்பார்ட்மென்ட்டுக்காரர்களுக்கு இதற்கெல்லாம் எங்கே பொறுமை? தாமரை அதை அவர்களுக்காகச் செய்து கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். கொடுக்கும்போது கூடவே திட்டும் இலவசம்.

“சோப்புப் போட்டுக் கழுவாதீங்கக்கா. சட்டி சோப்பக் குடிச்சிரும். நாளைக்கு உங்க மீன்கொழம்பு நுரைக்கும்.”

“சூட்டோட எறக்கி ஈரத் தரையில வைக்காதீங்க. சுடுசட்டியில பச்சத்தண்ணி ஊத்தாதீங்க. மனுசனுக்கே தாங்காது, மண்ணு என்ன செய்யும்?”

அதே கொல்லையில் அருள்பாண்டியும் பழக்கிக்கொண்டுதான் இருந்தான். காளையைப் பழக்கினான். பெண்டாட்டியைப் பழக்கினான். காதில் ரத்தம் வழிய அவள் உட்கார்ந்திருந்த அன்று, நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவள் மாமியார் மலையம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “புதுசுல இப்பிடித்தான் கனகா. போகப் போகப் பழகிருவா” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முறத்தைப் பிடுங்கி அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு விலா எலும்பு ஒன்று. இடது மணிக்கட்டு ஒன்று. அது சரியாகக் கூடாமல் கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. ஒரு முறை நான் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். அவன் வகையறாவில் பத்துப் பேர் வந்து, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமாதானம் பேசினார்கள். திரும்பி வந்த அன்றே அவளுக்கு மறுபடியும் விழுந்தது. என் வீட்டு ஜன்னலுக்கும் இரண்டு கல் விழுந்தது.

இத்தனைக்கும் அவள் ஒரு தடவைதான் என் முன்னால் அழுதாள். அது வலிக்காக இல்லை. சூளையிலிருந்து இறக்கிய சட்டியை மடக்கிய விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சட்டி ணங்கென்று பேசும். கீறல் சட்டி டொக்கென்று செத்த சத்தம் போடும். காது போன பிறகு வந்த முதல் சூளையில் அவள் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காதோரம் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “சட்டி பேசுறது கேக்க மாட்டேங்குதுக்கா” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆனால் அவள் உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை. காது செய்த வேலையை விரலுக்கும் கண்ணுக்கும் கொடுத்தாள். விளிம்புக்கு அடியில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினால் போதும், மயிரிழைக் கீறலைக்கூடச் சொல்லிவிடுவாள். பிறகு பிறகு தொடவே தேவையில்லாமல் போனது. நான் வேண்டுமென்றே நல்லதையும் கெட்டதையும் கலந்து அடுக்கி வைத்துச் சோதித்திருக்கிறேன். அடுப்படி வாசலில் நின்றபடியே, “அந்த மூணாவது ஓட்டச் சட்டிக்கா, தூக்கிப் போடுங்க” என்பாள். தட்டினால் டொக்கென்றுதான் கேட்கும். அதன் பிறகு அவள் சட்டியைத் தட்டுவதெல்லாம் அவளுக்காக இல்லை. வாங்க வந்தவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காக.

பட்டாளம் கேட்பதற்காகவும் தட்டுவாள். அந்த மாட்டின் கிட்டே அருள்பாண்டியைத் தவிர எந்த ஆம்பளையும் போக முடியாது. ஆனால் சட்டி பழக்கிய கழனித்தண்ணியில் தவிட்டைக் கலக்கி, ஒரு பெரிய சட்டியில் எடுத்துவந்து, அதன் விளிம்பில் அவள் ணங் ணங்கென்று இரண்டு தட்டுத் தட்டினால் போதும். என்ன மூர்க்கத்தில் நின்றாலும் காதை மடக்கிக்கொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி வந்து வாயை வைக்கும். எனக்கு அதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

போன மார்கழியில்தான் எல்லாம் முற்றியது. மார்கழி அவளுக்கும் சீசன், அவனுக்கும் சீசன். பொங்கலன்றைக்கு அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அதற்கு முன்னால் காளைக்கு மண் குத்துப் பழக வேண்டும். ஈர மண்ணை அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். அருள்பாண்டி அந்தக் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டு கையைத் தட்டிக் கத்துவான். “டேய் பட்டாளம்! விடாத! குத்துடா!” அவன் கத்தக் கத்த மாடு கொம்பை இறக்கிக் குத்திக் கிளறும். சத்தம் நின்றால்தான் மாடும் நிற்கும். அப்படியேதான் பழக்கியிருந்தான்.

தாமரைக்கு அந்த மார்கழியில் ஒரு கணக்கு இருந்தது. சோழவந்தான் போகிற வழியில், ஆற்றுப் பக்கமாக, ஒரு தகரக் கொட்டகை வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தாள். பொங்கல் பானை விற்றால் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

“பொங்கல் சூளை எறங்கட்டும்க்கா. நானும் இந்த வீட்ட விட்டு எறங்கிருவேன்.”

“இப்பவே வாடி. நான் தாரேன் அட்வான்ஸு.”

“உங்க காசுல போனா, உங்க வீட்டுக் கதவைத்தான் ஒடைப்பாரு. என் மண்ணுல போறேன்.”

பிடிவாதக்காரி. நானும் விட்டுவிட்டேன். மார்கழி முழுக்க அந்த மண் மேல்தான் எனக்கும் கண்.

மண் டிராக்டரில் வந்து இறங்கியது. அவள் அதைத் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் வடித்து, மணல் கலந்து மிதித்து, குவித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தாள். பருக்கை அளவு கல்கூட இல்லாத மண். அதிலிருந்து சட்டியும் பொங்கல் பானையும் செய்து சூளை வைத்தாள். இறக்கும்போது எல்லாம் அழகாகத்தான் இருந்தன. பழக்குவதற்காகச் சட்டிகளைக் கழனித்தண்ணியில் போட்டாள். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அம்மைக் கொப்புளம் மாதிரி வெடிப்பு. வெடிப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. பானைகளும் ஒவ்வொன்றாகப் பிளந்தன. தேறியது ஒரு சில சட்டிதான்.

சுக்கான் கல். சூளைக்குள் வெந்து சுண்ணாம்பாகிவிடும். பிறகு ஈரம் பட்டதும் உப்பிச் சட்டியை உடைக்கும். சலித்த மண்ணில் அது எப்படி வந்தது என்று அவள் அன்றைக்கெல்லாம் சல்லடையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். சல்லடையில் ஓட்டை இல்லை. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் குனிந்து அதன் குளம்பைப் பார்த்தாள். குளம்பின் இடுக்கில் காய்ந்த மண். அவள் மண். மாடு நிற்கிற இடத்தில் சேறாகாமலிருக்கச் சுக்கான் சரளைதான் கொட்டியிருந்தது. அந்தச் சரளையை மிதித்த காலோடு மாடு அவள் குவியலில் ஏறியிருக்கிறது. அவள் கடைக்குப் போன நேரத்தில் அருள்பாண்டி சாக்கை எடுத்துவிட்டு அதில் மண் குத்தப் பழக்கியிருக்கிறான். முடிந்ததும் கொம்பைக் கழுவி, மண்ணை அணைத்து, சாக்கைப் போட்டு மூடியிருக்கிறான். குளம்பைக் கழுவ மறந்துவிட்டான்.

அவன் வந்ததும் கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

“எம் மண்ணுல மாட்ட விட்டீங்களா?”

“ஆமா விட்டேன். கல்லு மண்ணுல குத்துனா கொம்பு தேயும். இது வெண்ண மாதிரி இருக்கு.”

“அம்புட்டும் வெடிச்சுப் போச்சு. பாருங்க.”

“வெடிச்சா வேற செய்யி. எடம் எங்கப்பன் எடம். மண்ணு உன் மண்ணா?”

“நான் சலிச்ச மண்ணு.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் அவள் கொண்டையைப் பிடித்துச் சுழற்றி, மீதமிருந்த மண் குவியலுக்கு இழுத்துப்போய், முகத்தை அதற்குள் அழுத்தினான். பிடரியில் முழங்காலை வைத்து அழுத்தினான். “உன் மண்ணா? தின்னுடி! தின்னு!” அவள் கால் இரண்டும் தரையை உதைத்தன. நான் கத்திக்கொண்டே படி இறங்கி, கையில் கிடைத்த விளக்குமாற்றோடு அவர்கள் வீட்டுக் கதவை இடித்தேன். மலையம்மாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். தெரு கூடிவிட்டது. அவனே களைத்துப்போய் விட்டானோ, கூட்டத்துக்குப் பயந்து விட்டானோ, தெரியாது. கதவு திறந்தபோது தாமரை மண்ணைக் காறித் துப்பிக்கொண்டிருந்தாள். துப்பியதில் ஒரு பல் இருந்தது.

“இப்பயாவது வாடி” என்றேன்.

“புது மண்ணு நாளைக்கு வருதுக்கா” என்றாள்.

எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. அவள் பாட்டுக்குப் புது மண்ணைக் கரைத்தாள், வடித்தாள், மிதித்தாள், குவித்தாள். வெடித்த சட்டிகளை அடுப்படி வாசலுக்கு வலப்பக்கம் அடுக்கினாள், இடித்துத் தூளாக்கி மறுபடி மண்ணோடு கலக்கலாம் என்று. தேறிய சட்டிகளை வாசலுக்கு இடப்பக்கம் அடுக்கினாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற வழி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். அருள்பாண்டியின் கூட்டாளிகள் ஜல்லிக்கட்டு டோக்கன் விஷயமாகப் போயிருந்தார்கள். தாமரை கடைக்குப் போனவள், தூறல் விழுந்ததால் சீக்கிரமே திரும்பினாள். கொல்லைப் பக்கம் “விடாத! குத்துடா!” என்று சத்தம் கேட்டு நான் மாடிக்கு ஏறவும், அவள் கொல்லைக்குள் நுழையவும் சரியாக இருந்தது. ஈரச் சாக்கு ஒரு ஓரத்தில் கிடந்தது. பட்டாளம் புதுக் குவியலைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தது. மூக்கணாங்கயிறு தரையில் இழுபட்டது. குவியலில் பாதி இல்லை.

“மாட்டக் கட்டுங்க” என்றாள் தாமரை.

அவன் சிரித்தான். சக்கரத்துப் பக்கம் கிடந்த தட்டுப்பலகையை எடுத்தான். சட்டிக்கு அடி தட்டுகிற பலகை. புளியங்கட்டை, கையளவுதான், ஆனால் கல் கனம். அவன் அதால் அவள் தோளில் அடித்தான். முதுகில் அடித்தான். முழங்காலில் அடித்தான். அவள் கீழே உட்கார்ந்ததும் மண்டையில் அடித்தான். அந்தச் சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. ரத்தம் புருவத்தில் இறங்கி ஒரு கண்ணை மூடிவிட்டது. நான் “டேய் நாயே! விடுடா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் பலகையை ஓங்கினான்.

அவள் இந்தத் தடவை கையை வைத்து மறைக்கவில்லை. எழுந்தாள். இரண்டு உள்ளங்கையையும் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். வருஷக்கணக்காக மண் பிசைந்த கை. அவன் பின்னால் சரிந்து மிதிகுழிக்குள் மல்லாக்க விழுந்தான்.

குழியில் தொடையளவு சேறு. எழுந்து வந்தபோது தலையிலிருந்து கால்வரைக்கும் மண் அப்பியிருந்தது. கண் இரண்டும்தான் தெரிந்தன. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு கையை ஓங்கிக் கத்தினான்.

“உன்னைய விட மாட்டேன்டி! குத்திருவேன்டி!”

பட்டாளம் தலையைத் தூக்கியது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஈர மண் வாசம், அவன் குரல், அந்த இரண்டு வார்த்தை. அது திரும்பியதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்போதுகூடப் பேசாமல் நின்றிருந்தால் பிழைத்திருப்பான். பயத்தில் வாயில் வந்ததைத்தான் கத்தினான். “டேய் பட்டாளம்!”

வலது கொம்பு தொடையில் ஏறியது. மாடு அவனை அப்படியே தூக்கிச் சூளைச் சுவரில் எறிந்தது. விழுந்தவனை மறுபடி இடுப்பில் குத்தி இழுத்தது. அவன் அலறினான். அலற அலற அது குத்தியது. கோபமே இல்லை அந்த மாட்டிடம். சொல்லிக்கொடுத்த வேலையைச் செய்தது. நான் “தட்டுடி! சட்டியத் தட்டுடி!” என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் அவள் அடுப்படி வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். கண்ணில் இருந்த ரத்தத்தை முழங்கையால் துடைத்தாள். குனிந்து ஒரு சட்டியை எடுத்தாள். தட்டினாள். டொக். மாடு திரும்பவில்லை. அவள் அந்தச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் தட்டினாள். டொக். மாடு அவனைப் புரட்டிப் போட்டுக் குத்தியது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. இன்னொன்றை எடுத்தாள். டொக். அவன் அலறல் இப்போது முனகலாகிவிட்டது. அதற்குள் மலையம்மாள் அடுப்படிக்குள்ளிருந்து ஓடிவந்து மருமகளின் முதுகில் குத்தி, “எம்புள்ளைய மாடு குத்துதுடி! சட்டியத் தட்டிக்கிட்டு நிக்கிறியேடி பாவி!” என்று கதறினாள்.

தாமரை இன்னொரு சட்டியை எடுத்துத் தட்டினாள். ணங்.

பட்டாளம் அப்படியே நின்றது. காதை மடக்கியது. கொம்பிலிருந்து சொட்டச் சொட்ட நடந்து வந்து அந்த வெறும் சட்டிக்குள் வாயை வைத்தது. அவள் மேலும் மண்தான், ரத்தம்தான். மாடு அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் கொண்டுபோய் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்தாள்.

அருள்பாண்டி சாகவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, முதுகுத்தண்டில் அடி, இரண்டு காலும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாமரைக்கு மண்டையில் தையல் போட்டார்கள்.

மறுநாள் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். மலையம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, இவள்தான் மாட்டை ஏவினாள், சட்டியைத் தட்டி ஏவினாள் என்று அழுதாள். தாமரை தலையில் கட்டோடு நின்றாள். என் தொழில் புத்தி முழித்துக்கொண்டது.

“சார், தட்டுனா மாடு வரும். ஏவாது. அது தண்ணி குடிக்கிற சத்தம். நல்ல சட்டிதான் ஒலிக்கும். இவ கையில மொதல்ல கெடச்சது வெடிச்ச சட்டி. கண்ணுல ரத்தம், காதும் கேக்காது, எது நல்லதுன்னு இவளுக்கு எப்பிடி சார் தெரியும்? நாலாவதுல சரியா வந்துச்சு. இல்லாட்டி ஆளு போயிருப்பான்.”

அவர் அவளுடைய இடது பக்கம் பின்னால் போய் நின்று, “ஏம்மா” என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். திரும்பவில்லை.

“காது எப்படிப் போச்சு?” என்று மலையம்மாளைக் கேட்டார்.

மலையம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாள். பதில் சொன்னால் மகன் பெயரைச் சொல்ல வேண்டும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னேன், விலா எலும்பையும் மணிக்கட்டையும் பல்லையும் சேர்த்து. அவள் விரலுக்கும் கண்ணுக்கும் என்னவெல்லாம் தெரியும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மாடு குத்திய விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் அருள்பாண்டியையும் கேட்டிருக்கிறார்கள். “மாடுதான். அவ ஒண்ணும் செய்யல” என்று சொல்லிவிட்டானாம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு நாள் தாமரையோடு நானும் போயிருந்தேன். அவள் கஞ்சித் தூக்கைத் திறந்து, டம்ளரை எடுத்துக் கட்டில் பக்கத்து இரும்பு மேஜையில் வைத்தாள். ணங்கென்று ஒரு சத்தம். அவன் உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். வலி போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

மலையம்மாள் ஆஸ்பத்திரியோடு கிடக்க, தாமரை வீட்டில் மிச்சமிருந்த மண்ணையெல்லாம் மறுபடி தண்ணீரில் கரைத்தாள். நானும் லீவு போட்டுவிட்டுச் சல்லடை பிடித்தேன். சல்லடையில் சுக்கான் கல் வந்தது, மாட்டு மயிர் வந்தது, அவன் சட்டைப் பொத்தான் ஒன்று வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சுரண்டி எறிந்தாள். போகிக்கு முன்னால் சூளை இறங்கியது. ஒரு பானைகூட வெடிக்கவில்லை.

புளியமரத்தடியில் பானை விற்கிறாள் என்று தெரு பேசியது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இவளுக்கு வியாபாரம் கேட்குது என்றார்கள். அவளுக்கு மண்டை உடைந்தபோது இந்தத் தெருவுக்கு வாய் இருந்ததா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்றால் காதில் விழும்படி, குழாயடியில் நின்று கேட்டேன். அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் பேசவில்லை.

பட்டாளத்தைக் கறிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அவன் வகையறா குதித்தது. ஆளைக் கொன்ற மாடு என்றால் அப்படித்தான் செய்வார்கள். ஆள் உயிரோடிருக்கிறான், கேஸும் விபத்து என்று முடிந்துவிட்டது. அதனால் கொஞ்சம் அடங்கினார்கள். பொங்கல் முடிந்த மறுநாள் தாமரை சக்கரத்தையும் சல்லடையையும் தகரப் பலகையையும் லோடு ஆட்டோவில் ஏற்றினாள். மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டோவுக்குப் பின்னால் நடந்தே போனாள். அந்த வீட்டிலிருந்து அவள் கேட்டு வாங்கியது மாடு ஒன்றைத்தான். கொலைகார மாடு ஒழியட்டும் என்று மலையம்மாளும் விட்டுவிட்டாள்.

மாசி மாதம் அவளைப் பார்க்கப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் வெற்றிலைக் கொடிக்கால், அந்தப் பக்கம் வைகை. பட்டாளம் ஒரு வாகை மரத்தடியில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. வாசலில் அதே தகரம். மண்டைத் தழும்பு மேல் மயிர் முளைத்துவிட்டது. காலையில் இறக்கிய சூளைச் சட்டிகளை அவள் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூடத் தட்டவில்லை. பார்த்த மாத்திரத்தில் நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம். கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மனசில் இருந்ததைக் கேட்டே விட்டேன்.

“ஏன்டி, அன்னைக்கு மொதல்ல எடுத்தது மூணும் வெடிச்ச சட்டி. உனக்குத்தான் பார்த்தாலே தெரியுமே.”

அவள் கை நிற்கவில்லை. கேட்கவில்லையோ என்று வலது காதுப் பக்கம் போனேன்.

“கேட்டுச்சுக்கா” என்றாள். “எனக்கு எதுக்குக்கா சட்டிச் சத்தம்? அது அவருக்கு. அவரும் சட்டி தட்டுன வீட்டுப் புள்ளதான். எந்தச் சத்தத்துக்கு மாடு வரும், எதுக்கு வராதுன்னு அவருக்குத் தெரியும். நான் தெரிஞ்சேதான் எடுக்குறேன்னு, கீழ கெடக்கையில அவருக்குக் கேக்கணும்ல.”

எனக்குப் பயம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. “அப்ப நாலாவது எதுக்குடி நல்லத எடுத்த? கடேசியில மனசு எளகிருச்சா?” என்றேன்.

அவள் கையிலிருந்த சட்டியைப் புரட்டி அதன் அடியைப் பார்த்தாள். பிறகு வாகை மரத்தடியைப் பார்த்தாள்.

“அந்தாளு செத்திருந்தா, மாட்ட உசுரோட விட்டிருப்பாய்ங்களாக்கா?” என்றாள்.